லேக் டிஸ்ட்ரிக்டில் ஒரு வாரம் நடக்க: வழிகாட்டியோடு போகும் நடைப்பயண விடுமுறைக்கு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்திலேயே உயரமான மலை 978 மீட்டர்தான் என்று சொன்னதும் என் மச்சான் சிரித்தான். "ஏற்காடே 1,500 மீட்டர். இதுக்கா விசா வாங்கி, விமானம் ஏறிப் போறீங்க?"

அவன் கணக்கில் தப்பில்லை. ஆனால் ஏற்காட்டுக்கு நம்மைத் தூக்கிக்கொண்டு போவது பஸ். லேக் டிஸ்ட்ரிக்டில் தூக்கிக்கொண்டு போவது நம் கால். டெர்வென்ட்வாட்டர் ஏரியின் நீர்மட்டம் கடலிலிருந்து சுமார் 75 மீட்டர். கரையில் நிற்கும் கேட்பெல்ஸ் குன்றின் உச்சி 451 மீட்டர். நடுவில் இருக்கும் 376 மீட்டரை ஏறுவது, பத்து மாடிக் கட்டடத்தைப் பன்னிரண்டு முறை ஏறுவதற்குச் சமம். அங்கே அதைக் 'குட்டிக் குன்று' என்கிறார்கள். பாட்டிமார் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறுகிறார்கள்.

நானும் மச்சானைப் போல நினைத்துப் போனவன்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். முன்பக்கமாக இறங்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நீங்கள் முன்பக்கமாகவே இறங்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இடம் எது, இந்த வழக்கம் எப்படி வந்தது

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்ப்ரியா பகுதியில் இருக்கிறது லேக் டிஸ்ட்ரிக்ட். 1951இல் தேசியப் பூங்கா ஆனது, 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தேசியப் பூங்கா என்றதும் வனத்துறை கேட், டிக்கெட், மாலை ஐந்து மணிக்குப் பூட்டு என்று நினைக்க வேண்டாம். ஊர்கள், ஆட்டுப்பண்ணைகள், கல்லை அடுக்கியே கட்டிய வேலிச்சுவர்கள், அவற்றுக்கு நடுவே பொதுப் பாதைகள். நடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இங்கே குழுவாக வந்து, ஒரே வீட்டில் தங்கி, வழிகாட்டியோடு நடக்கும் வழக்கத்துக்கு ஒரு நல்ல கதை உண்டு. லங்காஷயரில் கோல்ன் என்ற பஞ்சாலை ஊரில் பாதிரியாராக இருந்தவர் டி. ஏ. லெனார்ட். ஆலை விடுமுறை விட்டால் தொழிலாளிகள் கடற்கரை ஊர்களுக்குப் போய், வருஷமெல்லாம் சேர்த்த காசைக் கரைத்துவிட்டு வருவதைப் பார்த்தார். 1891இல் தன் சபை இளைஞர்களை லேக் டிஸ்ட்ரிக்டின் ஆம்பிள்சைடுக்கு நடக்கக் கூட்டி வந்தார். அது பிடித்துப்போய் ஆண்டுதோறும் வளர்ந்தது. 1913இல் அவர் தொடங்கிய ஹாலிடே ஃபெலோஷிப், எச்.எஃப். ஹாலிடேஸ் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. பணக்காரர்களின் பொழுதுபோக்காக இல்லாமல், ஆலைத் தொழிலாளிக்காகப் பிறந்த விடுமுறை இது. ஒரே பெரிய மேசையில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் மிச்சமிருக்கிறது.

முதல் படி: மாதம்

மே மாதம் பின்பாதியோ ஜூன் முன்பாதியோ. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இங்கே மழை நிச்சயம். கெஸிக் ஊரிலிருந்து பாரோடேல் பள்ளத்தாக்குக்குள் போனால் கடைசியில் சீத்வெய்ட் என்ற பண்ணைக் குடியிருப்பு வரும். இங்கிலாந்தில் ஆள் குடியிருக்கும் இடங்களிலேயே அதிக மழை பெய்வது அங்கேதான், ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல். சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒப்பீட்டளவில் காய்ந்த காலம். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருப்பதால், மெதுவாக நடப்பவருக்கும் பதற்றமில்லை.

ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக் கூட்டம், அறை வாடகையும் ஏறும். பிராக்கன் எனும் பெரணிச் செடி இடுப்புயரம் வளர்ந்து பாதையை மூடும், அதில் உண்ணி இருக்கும். அக்டோபரில் மரங்கள் சிவந்து அழகாக இருக்கும், பகல் சுருங்கிவிடும். குளிர்காலம் முதல்முறை போகிறவருக்கு வேண்டாம். ஹெல்வெலின் மலையில் பனியும் உறைபனியும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துச் சொல்வதற்காகவே குளிர்காலத்தில் தினமும் ஒருவர் உச்சிவரை ஏறி இறங்குகிறார். அது அவருடைய வேலை, நம்முடையது அல்ல.

இரண்டாம் படி: எந்த வகை

மூன்று வகை இருக்கின்றன. ஒரே வீட்டில் வாரம் முழுக்கத் தங்கி, தினமும் வேறு வேறு இடத்துக்கு நடந்து திரும்புவது ஒன்று. ஊர்விட்டு ஊர் நடந்துபோவது இன்னொன்று, இதில் பெட்டியை வண்டி கொண்டுபோய்ச் சேர்க்கும். மூன்றாவதில் நிறுவனம் அறையும் வழிக்குறிப்பும் தந்துவிடும், ஆள் வரமாட்டார்.

முதல்முறைக்கு முதல் வகைதான். காரணம் எளிது. ஊர்விட்டு ஊர் போகும் பயணத்தில் மூன்றாம் நாள் கால் வலித்தாலும் அடுத்த ஊர் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். ஒரே வீடு என்றால், இன்று நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் தேநீரோடு உட்காரலாம். அதைவிட முக்கியம், இந்த வீடுகளில் தினமும் இரண்டு மூன்று நடைகள் வெவ்வேறு கடினத்தில் கிளம்பும். கணவன் மலைக்கும் மனைவி ஏரிக்கரைக்கும் போய்விட்டு, அல்லது நேர்மாறாக, சாயங்காலம் சந்திக்கலாம்.

மூன்றாம் படி: அளவு. இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறோம்

விளம்பரத்தில் சுலபம், நடுத்தரம், கடினம் என்று மூன்றோ நான்கோ அளவுகள் போட்டிருப்பார்கள். அவை ஆங்கிலேய ஓய்வூதியக்காரர்களின் அளவுகள். எழுபது வயது அம்மையார் ஒருவர் எனக்கு முன்னால் பேசிக்கொண்டே ஏறினார், நான் பேசாமல் ஏறியும் எட்டவில்லை. சிறு வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்த கால்கள் அவருடையவை.

ஆகவே சொல்லை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். இரண்டு எண்கள் இருக்கும்: மொத்தத் தூரம், மொத்த ஏற்றம். தூரத்தை மட்டும் பார்த்து, "பத்து கிலோமீட்டர்தானே, மெரினாவில் தினமும் நடக்கிறேனே" என்று முடிவு செய்வதுதான் பொதுவான தப்பு. 1892இல் ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் உள்ளது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பத்து கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரம். அதுவும் பழகிய காலுக்கு, நிற்காமல். நமக்கு ஒன்றரை மடங்கு போட்டுக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தைத் தனியாகக் கூட்டுங்கள்.

என் ஆலோசனை: ஏற்றம் 300 மீட்டருக்குள் இருப்பதை முதல் இரண்டு நாளுக்கு எடுங்கள். உடம்பு பிடிகொடுத்தால் மூன்றாம் நாள் மேலே போகலாம். மேலேயிருந்து தொடங்கிக் கீழே வருவது மனசுக்கும் முழங்காலுக்கும் கஷ்டம்.

நான்காம் படி: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? பன்னிரண்டுக்குள் இருந்தால் நல்லது. வழிகாட்டி, மலையில் குழுவை நடத்திப்போவதற்கான 'மவுண்டன் லீடர்' தகுதி பெற்றவரா, முதலுதவிப் பயிற்சி உண்டா? நடை தொடங்கும் இடத்துக்கு வண்டி அவர்களுடையதா, நம் செலவா? தனி ஆளாக வந்தால் அறைக்குக் கூடுதல் கட்டணமா? சைவம் என்றால் மதியப் பொட்டலத்தில் தினமும் சீஸ் சாண்ட்விச்தானா?

கடைசியாக ஒன்று, யாரும் கேட்காத கேள்வி: உலர்த்தும் அறை இருக்கிறதா? நனைந்த ஷூவும் கோட்டும் இரவோடிரவாகக் காய ஒரு சூடான அறை. அதற்குள் நுழைந்தால் ஈர நாயும் பழைய சாக்ஸும் சேர்ந்த ஒரு வாடை அடிக்கும். ஆனால் காலையில் காய்ந்த ஷூவுக்குள் கால் விடும் சுகத்துக்கு எந்த வாடையையும் பொறுக்கலாம்.

ஐந்தாம் படி: விசா, பயணம்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கைரேகை பதிய நேரில் போக வேண்டும். பயணக் காப்பீட்டில் மலைநடை அடக்கமா, எத்தனை மீட்டர் உயரம் வரை என்று ஒரு வரி இருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து பென்ரித் வரை ரயிலில் மூன்று மணி நேரத்தை ஒட்டி ஆகும். அங்கிருந்து கெஸிக்குக்கு பஸ். விண்டர்மியர் பக்கம் தங்கினால் ஆக்ஸன்ஹோமில் இறங்கிக் கிளை ரயில் பிடிக்க வேண்டும். ரயில் டிக்கெட்டை முன்கூட்டி வாங்கினால் விலை பெரிதும் குறையும். விமானம் இறங்கிய அன்றே மலைக்கு ஓட வேண்டாம், ஓர் இரவு தூங்கிவிட்டுப் போங்கள்.

ஆறாம் படி: வீட்டிலேயே கால்களைத் தயார் செய்வது

எட்டு வாரம் போதும். சமதரையில் நடப்பது மூச்சுக்கு நல்லது, மலைக்குப் போதாது. படி வேண்டும். அடுக்குமாடியில் இருந்தால் லிஃப்டை மறந்துவிடுங்கள். ஏறுவதைவிட இறங்குவதைப் பழகுங்கள். ஏறும்போது நோவது நெஞ்சு, நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் பாரத்தைத் தடுத்துப் பிடிப்பது தொடைத் தசை. அது பழகியிருக்காவிட்டால் பாரம் முழங்காலில் விழும். பத்து மாடி ஏறி, லிஃப்டில் இறங்கிப் பயிற்சி செய்த புத்திசாலி நான். விளைவு மேலே சொன்னதுதான்.

வாரத்தில் ஒருநாள் முதுகுப்பையில் இரண்டு மூன்று தண்ணீர் பாட்டிலோடு பக்கத்துக் கோயில் மலை ஏதாவது ஏறி இறங்குங்கள். பிரார்த்தனையும் ஆச்சு, பயிற்சியும் ஆச்சு.

ஏழாம் படி: ஷூவும் மழைக்கோட்டும்

கணுக்காலை மூடும் டிரெக்கிங் ஷூ. கால்விரலுக்கு முன்னால் ஒரு சுண்டுவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கிய நேரத்தில், தடித்த சாக்ஸ் போட்டுப் பார்த்து வாங்குங்கள். வாங்கி ஒரு மாதமாவது உள்ளூரில் போட்டுத் தேய்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை, காய்கறி வாங்கவும் அதிலேயே போங்கள்.

ஜீன்ஸ் கூடாது. நனைந்தால் காயாது, குளிரை உள்ளே இழுக்கும். பருத்தி பனியனும் அப்படியே. செயற்கை நூல் அல்லது கம்பளிச் சட்டை, அதன்மேல் ஃபிளீஸ் எனும் மெத்தென்ற குளிர்ச்சட்டை, அதன்மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். மழைப் பேன்ட் கட்டாயம். குடை கொண்டுபோனால் மலைமேல் அடிக்கும் காற்று அதைத் திருப்பிப் பிய்த்துவிடும். முதுகுப்பைக்குப் போடும் மழை உறையும் பறந்துவிடும், ஆகவே முதுகுப்பைக்கு உள்ளே ஒரு கனமான பிளாஸ்டிக் பையைப் போட்டு, அதற்குள் மாற்றுச் சாக்ஸையும் ஃபிளீஸையும் வையுங்கள். ஜூன் என்றாலும் தொப்பியும் கையுறையும் வேண்டும். இரண்டு நடைக்குச்சிகள் இறங்கும்போது முழங்காலுக்குப் பெரிய உதவி.

எட்டாம் படி: வழிகாட்டியோடு ஒரு நாள்

காலைச் சாப்பாடு முடிந்ததும் வழிகாட்டி வரைபடத்தை விரித்து அன்றைய பாதையைச் சொல்வார். கிளம்பும்முன் அவரிடம் தனியாக, சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, உயரப் பயம் எதுவானாலும் சொல்லிவிடுங்கள். நம் ஆட்கள் இதை மறைப்பதில் கெட்டிக்காரர்கள்.

அவரை முந்திப் போகக் கூடாது. கடைசி ஆளாக ஒருவரை நியமிப்பார், அவருக்குப் பின்னால் தங்கவும் கூடாது. கேட் எப்படி இருந்ததோ அப்படியே விடவேண்டும், மூடியிருந்தால் மூடி, திறந்திருந்தால் திறந்து. பசுவும் கன்றும் இருக்கும் வயலில் இரண்டுக்கும் நடுவே போகாதீர்கள். ஆடுகளைப் பற்றிக் கவலை இல்லை. ஹெர்ட்விக் என்ற உள்ளூர் ஆடு பிறக்கும்போது கறுப்பு, வயது ஏற ஏற உடம்பு சாம்பலாகி முகம் வெளுத்துவிடும். நம்மைப் பார்த்து லேசாகச் சிரிப்பது போலவே இருக்கும்.

அவர் பேசும்போது சில சொற்கள் வந்துகொண்டே இருக்கும். ஃபெல் என்றால் மலை, பெக் என்றால் ஓடை, டார்ன் என்றால் மலைமேல் உள்ள சிறு குளம், ஃபோர்ஸ் என்றால் அருவி. எல்லாம் ஆயிரம் ஆண்டுக்கு முன் ஸ்காண்டிநேவியப் பக்கமிருந்து வந்து குடியேறிய நார்ஸ்காரர்கள் விட்டுப்போனவை. நம் ஊர்ப் பெயர்களில் பட்டி, பாக்கம் வருவதுபோல இங்கே வெய்ட் என்று பல ஊர்கள் முடியும், காடு திருத்திய நிலம் என்று பொருள். பேசிக்கொண்டு போகும்போது ஒருவர் உங்களிடம், இங்கே ஏரி எத்தனை என்று கேட்பார். ஒன்றுதான் என்று சொல்லுங்கள். பாசென்த்வெய்ட் மட்டுமே பெயரில் லேக் என்று வைத்திருக்கிறது, மற்றதெல்லாம் வாட்டர் அல்லது மியர். அங்கே எல்லாருக்கும் தெரிந்த பழைய ஜோக் அது, ஆனாலும் சிரிப்பார்கள்.

கேட்பெல்ஸ் நாளைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கெஸிக் படகுத்துறையில் ஏறி ஹாஸ் எண்டில் இறங்கினோம். வளைந்து வளைந்து ஏறும் பாதை. உச்சி வந்துவிட்டது என்று நினைத்த இடம் ஸ்கெல்கில் பேங்க் என்ற முன்திட்டு, உண்மையான உச்சி அதற்கு அப்பால் நிமிர்ந்து நின்றது. ஏறும் வழியில் பாறையில் ஒரு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். லெனார்டின் பெயர். ஆலைத் தொழிலாளிகளைக் கூட்டிவந்த அதே பாதிரியார். நாங்கள் பதினொரு பேர் அதன்முன் நின்று மூச்சு வாங்கினோம்.

உச்சிக்குக் கீழே பாறைப் பகுதி. கையை ஊன்றித்தான் ஏறவேண்டும். எத்தனையோ ஆண்டுகளாக மிதிபட்டு, கோயில் படிக்கல்லைப் போல மழமழவென்று இருக்கிறது. "மூணு புள்ளி எப்பவும் பாறையில இருக்கட்டும். ரெண்டு கை ஒரு கால், இல்ல ரெண்டு கால் ஒரு கை," என்றார் எங்கள் வழிகாட்டி அம்மா. மேலே போனால் ஒரு பக்கம் டெர்வென்ட்வாட்டர் தீவுகளோடு விரிந்து கிடக்கிறது, அதற்கப்பால் கெஸிக், அதன் தலைக்குமேல் 931 மீட்டர் ஸ்கிடா. மறுபக்கம் நியூலண்ட்ஸ் பள்ளத்தாக்கில் ஆடுகள் வெள்ளைப் புள்ளிகள்.

இறங்கத் தொடங்குமுன் அவர் எல்லாரையும் உட்காரவைத்து ஷூ லேஸை அவிழ்க்கச் சொன்னார். குதிகாலைப் பின்னால் தட்டி ஒட்டவைத்து, மேல்பக்கக் கொக்கிகளில் மட்டும் இறுக்கிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும்போது கால் முன்னே வழுக்கி, நகம் ஷூவின் மூக்கில் இடித்துக் கறுத்துவிடும். அடுத்து, "எங்கேயாவது சூடாத் தெரியுதா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். எனக்குத் தெரிந்தது. குதிகாலில், அரைமணி நேரமாக. கூச்சப்பட்டுச் சொல்லவில்லை. அன்று இரவு ஐம்பது பைசா அளவு கொப்புளம், மறுநாள் நடை போயிற்று. சூடு தெரிந்த உடனே நின்று பிளாஸ்டர் ஒட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். குழு காத்திருக்கும், திட்டமாட்டார்கள்.

ஒன்பதாம் படி: வாரத்தை இப்படிப் பிரிக்கலாம்

கெஸிக்கைத் தளமாக வைத்துச் சொல்கிறேன். வந்த அன்று சாயங்காலம் ஃப்ரையர்ஸ் கிராக் முனைவரை உலாவல், போதும். மறுநாள் டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரை. முழுச் சுற்று சுமார் 16 கி.மீ., ஆனால் படகுத்துறைகள் வழியெங்கும் இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் நடையை நிறுத்திப் படகேறலாம். காலைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அதற்கடுத்த நாள் கேட்பெல்ஸ். பிறகு கட்டாய ஓய்வு: பஸ்ஸில் கிராஸ்மியர் போய், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை இருந்த டவ் காட்டேஜைப் பார்த்துவிட்டு, 1854 முதல் விற்கும் இஞ்சி ரொட்டியை வாங்கித் தின்றுகொண்டே வரலாம். நம் இஞ்சி மரப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

ஐந்தாம் நாள் பட்டர்மியர். ஏரியைச் சுற்றி ஏழு கிலோமீட்டர், ஏற்றமே இல்லை, ஓரிடத்தில் பாறையைக் குடைந்த சிறு குகைப்பாதை வழியாகப் போகும். கால் வலுவுள்ளவர்கள் அன்று 597 மீட்டர் ஹேஸ்டாக்ஸ் ஏறுவார்கள்.

ஆறாம் நாள் அல்ஸ்வாட்டர். எனக்குக் கேட்டால் இந்த வாரத்தின் மிக அழகான நடை இதுதான். கிளென்ரிடிங்கில் படகேறி ஹௌடவுனில் இறங்கி, கரையோரமாகவே திரும்பி நடந்து வருவது, சுமார் 11 கி.மீ. படகை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்துபோய்த் திரும்பப் படகு பிடிப்பதாக வைத்தால் கடைசிப் படகைத் துரத்துவதே வேலையாகிவிடும், காட்சியைப் பார்க்க முடியாது.

கடைசி நாள் பலசாலிகள் ஹெல்வெலின் போவார்கள், 950 மீட்டர். அதில் ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற கத்திமுனை வரப்பு வழியாகப் போவதாக இருந்தால், உயரப் பயம் உள்ளவர்கள் தாட்சண்யமே இல்லாமல் மறுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக 368 மீட்டர் லாட்ரிக் குன்றில் ஏறினால் கெஸிக்கும் ஏரியும் முழுதாகத் தெரியும்.

சாப்பாடு, ஆபத்து

காலையும் இரவும் வீட்டில் வயிறு நிறையக் கிடைக்கும். மதியப் பொட்டலம்தான் நமக்கு அலுக்கும். மூன்றாம் நாளுக்குமேல் ரொட்டி இறங்காது. நான் கொண்டுபோன புளிக்காய்ச்சலை அறையில் கெட்டில் தண்ணீரில் ஊறிய அவலில் கலந்து ஒரு டப்பாவில் எடுத்துப் போனேன். உச்சியில் திறந்தபோது பக்கத்தில் இருந்தவர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து இரண்டு கரண்டி சாப்பிட்டார், பதிலுக்கு கெண்டல் மின்ட் கேக் தந்தார். பெயரில்தான் கேக், உண்மையில் புதினா போட்ட சர்க்கரைக் கட்டி. 1953இல் எவரெஸ்டுக்கே போனது. களைப்பில் ஒரு துண்டு போட்டால் கால் மறுபடி நகரும்.

தனியாக நடக்கும் நாளில் ஏதாவது ஆனால் 999 அழைத்து, போலீஸ் கேட்டு, பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ கேட்க வேண்டும். வருகிறவர்கள் தொண்டர்கள், காசு வாங்குவதில்லை. சிக்னல் இல்லையென்றால் விசில்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. விசில் பல முதுகுப்பைகளின் மார்புப் பட்டைக் கொக்கியிலேயே இருக்கும், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் முந்தைய இரவு ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வையுங்கள், ஈரத்தை அது உறிஞ்சிவிடும். காலையில் சேற்றைத் தட்டிவிட்டு அதையே காலில் போட்டுக்கொண்டு விமானம் ஏறுங்கள். ஜோடி ஒன்றரைக் கிலோ, பெட்டியில் அந்த இடத்துக்கு இஞ்சி ரொட்டி வைக்கலாம்.